பெரிய வண்டி புக் பண்ணியிருக்கும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். நீ புக் பண்ணியிருக்கும் வண்டியின் படத்தை என் மைனி, அதாவது உன் அம்மா, அனுப்பியிருந்தார்கள். ஏழு சீட், 2.8 லிட்டர் டீசல் இன்ஜின், நம் தெருமுனையில் திருப்பவே இடம் பத்தாத நீளம். உழைத்துச் சம்பாதித்த காசு, யாரிடமும் கைநீட்டவில்லை, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அந்த வண்டி வேண்டாம் என்று உன்னிடம் கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொன்னால் "சரி அத்தை, பார்ப்போம்" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுத்தில் சொல்கிறேன். எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கோயில் காம்பவுண்டில் நிற்கும் வண்டிகளின் உயரம் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறது. பீடத்திலிருந்து யாரும் இதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. மதுவைப் பற்றிப் பேசுகிறோம், சினிமாவைப் பற்றிப் பேசுகிறோம், வரதட்சணையைப் பற்றிக்கூட அவ்வப்போது பேசுகிறோம். என்ன வண்டி ஓட்டுகிறோம் என்பது மட்டும் விசுவாசத்துக்குச் சம்பந்தமில்லாத சொந்த விஷயம் என்று விட்டுவிட்டோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலில், நீ ஏன் இதை ஆசைப்படுகிறாய் என்பது எனக்குத் தெரியும். நம் குடும்பத்தில் அம்மா வழி தெற்குத் திருவிதாங்கூர். அங்கே நம் சனங்கள் செருப்புப் போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது என்று இருந்த காலம் ஒன்று உண்டு. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கே 1859 வரை போராட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வழியில் வந்த ஒரு பையன் உயரமான வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கி, ஊரைப் பார்த்துக்கொண்டு போவது சின்ன விஷயம் இல்லை. அண்ணன் அதைப் பார்த்துப் பெருமைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அந்த மரியாதை நமக்கு வேண்டும்தான். ஆனால் அந்த மரியாதையைச் சம்பாதித்துக் கொடுத்தது பள்ளிக்கூடமும் நீ படித்த படிப்பும். ஷோரூமில் போய் அதை இரண்டாம் முறை விலைக்கு வாங்க வேண்டிய அவசியம் உனக்கு இல்லை.

இனி கணக்குக்கு வருகிறேன். பிசிக்ஸ் டீச்சரின் மருமகன் நீ, கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோ எடைகூட வராது. ஆனால் அது எரியும்போது அதிலுள்ள கார்பன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடாக வெளியே போகிறது. உன் வண்டி ஊருக்குள் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் பெரிது. வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள். 1,500 லிட்டர், அதாவது 4 டன் புகை. அதே தூரத்தை லிட்டருக்கு 20 கொடுக்கும் சின்ன பெட்ரோல் காரில் போனால் 2 டன்னுக்கும் குறைவு. இதை இன்னொரு வழியிலும் பார்க்கலாம். அந்த வண்டி இரண்டு டன்னுக்கு மேல் எடை. ஆபீசுக்கு நீ ஒருவன் போகிறாய், உன் எடை 70 கிலோ. எரிகிற எண்ணெயில் முப்பதில் ஒரு பங்கு உன்னைச் சுமக்கிறது. மீதியெல்லாம் இரும்பைச் சுமக்கிறது. அந்த எண்ணெய்க்கான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவது.

காசைப் பற்றி நான் பேசவில்லை. டீசலுக்குக் காசு நீ கொடுத்துவிடுவாய். புகைக்கு நீ காசு கொடுப்பதில்லை, வேறு யாரோ கொடுக்கிறார்கள். வெளியே போகும் அந்த வாயுவில் கணிசமான பங்கு நூற்றாண்டுக் கணக்கில் காற்றிலேயே தங்கும். உன் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது இருக்கும். சூட்டைத் தாங்க வேண்டியவர்கள் யார்? உடன்குடிப் பக்கம் வெயிலில் பனை ஏறுகிறவர், உவரியிலும் கூத்தங்குழியிலும் கடலை நம்பி இருக்கிறவர்கள், நாற்று நடும் பெண்கள். அவர்களில் பலர் வாழ்நாளில் ஒரு சொந்தக் காரில் ஏறியிருக்க மாட்டார்கள். பிறனை உன்னைப்போல நேசி என்ற கட்டளை இந்த இடத்தில் நம்மைக் கேள்வி கேட்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கிறவன் தலையில் நம் செலவை ஏற்றிவிட்டு, அவனை நேசிக்கிறேன் என்று சொல்ல முடியுமா?

2023 டிசம்பர் 17 உனக்கு மறந்திருக்காது. கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம். தாமிரபரணி இரண்டு கரையையும் மீறிப் போனது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட, பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீடு தண்ணீரில் நிற்கிற நேரத்திலும் அவர்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். அந்த மழை இன்னாருடைய வண்டியால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்வது அறிவியலும் இல்லை. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது வகுப்பில் நான் நடத்திய பாடம். சூடான காற்று கனமழையை இன்னும் கனமாக்குகிறது. நாம் எரிப்பதெல்லாம் அந்தச் சூட்டில் போய்ச் சேருகிறது.

"என் ஒரு வண்டியால் என்ன அத்தை ஆகிவிடப் போகிறது" என்று நீ கேட்பாய். இந்தக் கேள்விக்கு நம் ஊர் ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது. உன் ஆச்சி உலை வைக்கும் முன்னால் அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவார்கள், நீயும் பார்த்திருப்பாய். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். சோற்றுக்கே கஷ்டமான வீடுகளில்கூட அந்தப் பானை இருந்தது. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்தவர்கள், வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஆட்களே போவார்கள், நம் காசே போதும் என்றார்கள். அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான அசரியா, வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துச் சபைப் போதகரின் மகன். 1912இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலின் அத்தியட்சரானார், அதாவது பிஷப், இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் அத்தியட்சர் அவர்தான். மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போனவர். இவ்வளவும் ஏழை வீட்டுக் கைப்பிடிகளும் காலணாக்களும் சேர்ந்து நடந்த காரியம். என் ஒரு பிடியால் என்ன ஆகும் என்று உன் ஆச்சி கேட்டதே இல்லை. நன்மைக்குக் கொடுக்கும்போது சின்னதும் சேர்ந்து பெரிதாகும் என்று நம்புகிற நாம், தீமை என்று வரும்போது மட்டும் என் பங்கு கணக்கில் வராது என்று சொல்ல முடியாது, மருமகனே.

அடுத்தது ஆசீர்வாதம். வண்டியின் பின்கண்ணாடியில் "கர்த்தரின் ஈவு" என்று ஒட்டப்போகிறாய் என்று மைனி சொன்னார்கள். வேதத்தில் குதிரையும் இரதமும் வருகிற இடங்களை ஒரு நாள் உட்கார்ந்து வாசித்துப் பார். ராஜா தனக்குக் குதிரைகளைப் பெருகப்பண்ணக் கூடாது, அதற்காக ஜனங்களை எகிப்துக்குத் திரும்பவிடக் கூடாது என்று உபாகமம் 17இல் இருக்கிறது. சாலொமோனுக்கு 1,400 இரதங்கள், 12,000 குதிரைவீரர் என்று முதலாம் இராஜாக்கள் 10 சொல்கிறது. அதே அதிகாரத்தில், குதிரைகள் எகிப்திலிருந்து வந்தன என்றும் எழுதியிருக்கிறது. எதைச் செய்யாதே என்று சொல்லியிருந்ததோ அதையேதான் அவன் செய்தான். தேசம் வெள்ளியும் கேதுருவுமாக நிறைந்திருந்தது, பார்க்கிற எவனும் அதை ஆசீர்வாதம் என்றுதான் சொல்லியிருப்பான். அடுத்த அதிகாரத்தில் அவன் இருதயம் வழிவிலகுகிறது.

குருத்தோலை ஞாயிறன்று பனங்குருத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடி நாம் தெருவைச் சுற்றி வருகிறோம். ராஜா கழுதையின்மேல் வருகிறார் என்று சகரியாவில் வாசிக்கிறோம், ஒன்பதாம் அதிகாரம் ஒன்பதாம் வசனம். அதற்கு அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசி. எப்பிராயீமிலிருந்து இரதங்களையும் எருசலேமிலிருந்து குதிரைகளையும் அற்றுப்போகப் பண்ணுவேன் என்கிறார் கர்த்தர். அந்த ராஜாவாகிய இயேசு ஏறி வந்த கழுதையும் சொந்தக் கழுதை இல்லை, கேட்டு வாங்கி வந்தது. ஏறுவதற்கு ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது, ஏறினார். ஊரை மிரட்டுகிற ஒன்றில் அவர் ஏறவில்லை. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது.

பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு நான் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை இது. அமெரிக்காவில் பெரிய வண்டிகள் சட்டப்படி இலகுரக டிரக் கணக்கில் வந்ததால் அவற்றுக்கு எரிபொருள் விதி தளர்வாக இருந்தது, விற்பனையும் ஏறியது. 2002இல் ஜிம் பால் என்ற போதகரும் அவரோடு சேர்ந்த சுவிசேஷ சபை விசுவாசிகளும் "இயேசு என்ன வண்டி ஓட்டுவார்?" என்று கேட்டு ஒரு இயக்கமே நடத்தினார்கள். மோட்டார் கம்பெனிகள் இருக்கும் டெட்ராய்ட் நகரத்துக்கே போய் அதிகாரிகளைப் பார்த்துப் பேசினார்கள். சிரித்தவர்கள் நிறைய. ஆனால் கேள்வி சரியான கேள்வி. போப் பிரான்சிஸ், 2013இல் குருமாணவர்களிடம், ஒரு பாதிரியாரோ கன்னியாஸ்திரியோ புது மாடல் காரில் போவதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது என்றார். 2015இல் வாஷிங்டனில் பெரிய பெரிய பாதுகாப்பு வண்டிகளுக்கு நடுவே ஒரு சின்ன ஃபியட்டில் அவர் போனார். நாம் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, போப் சொன்னதால் கேட்க வேண்டும் என்று இல்லை. சொன்னபடி நடந்து காட்டியவர் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான் பெரிய வண்டி என்று அண்ணன் சொன்னார். உள்ளே இருக்கிறவர்களின் பாதுகாப்பைச் சொல்கிறார். வெளியே இருக்கிறவர்கள்? அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய 18,000 பாதசாரி விபத்துகளைப் பார்த்தார்கள். பானெட் உயரம் 40 அங்குலத்துக்கு மேல் இருக்கும் வண்டி மோதினால், 30 அங்குலத்துக்குள் சரிந்த முகப்புள்ள காரைவிட ஆள் சாவதற்கான வாய்ப்பு 45 சதவீதம் கூடுதல். 40 அங்குலம் என்றால் ஒரு மீட்டர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தலை அந்த உயரத்தில்தான் வரும். பாளையங்கோட்டையில் எத்தனை பள்ளிக்கூடம், எவ்வளவு ஒடுக்கமான தெரு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் பிள்ளையைக் காப்பாற்றுவது அடுத்த வீட்டுப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைத்து என்றால் அந்தப் பாதுகாப்பை நான் ஏற்க மாட்டேன்.

பெரிய வண்டி வைத்திருக்கிற எல்லோரையும் நான் குற்றம் சொல்லவில்லை. மலையடிவாரத்தில் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிப் போகிற வேன் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகள் என்று ஏழு பேர் ஒரே வீட்டில் இருந்து, தினமும் சேர்ந்து போகிறவர்களுக்கு ஏழு சீட் வண்டி நியாயமே. இயேசு சொன்ன கதையில் நல்ல சமாரியன் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தன் வாகனத்தின்மேல் ஏற்றினான். அதற்கப்புறம் அவன் நடந்துதான் போயிருப்பான் என்று நான் நினைத்துக்கொள்வேன். வண்டியின் அளவைவிட அதில் யார் ஏறுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. உன் வீட்டில் நாலு பேர். ஆபீசுக்கு நீ மட்டும். குற்றாலத்துக்கோ மணப்பாட்டுக்கோ எல்லோரும் சேர்ந்து போகிற அன்றைக்கு வேன் பிடித்தால் ஆயிற்று.

அதனால் இப்படிச் செய். டெலிவரிக்கு இன்னும் நாள் இருக்கிறது, புக்கிங்கை மாற்ற முடியுமா என்று ஷோரூமில் கேள். நாலு பேர் தாராளமாக உட்காரும் சின்ன காரே உங்களுக்குப் போதும். மின்சாரக் கார் என்றாலும் சின்னதாகவே பார். இரண்டரை டன் பேட்டரி வண்டியை ஓட்டவும் எங்கேயோ எதையோ எரிக்கத்தான் வேண்டும், கயத்தாற்றிலும் பணகுடியிலும் காற்றாலைகள் சுற்றினாலும் நம் கரண்டில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியில் வருகிறது. மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை எங்கே கொடுக்கலாம் என்று நீயும் உன் வீட்டுக்காரியும் சேர்ந்து முடிவு பண்ணுங்கள், நான் அதில் தலையிட மாட்டேன். அப்புறம், மைனியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அவர்களுக்கு முழங்கால் வலி, அந்த உயரத்தில் ஏறி இறங்க முடியாது. உன் மனசு கஷ்டப்படுமே என்று உன்னிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்கள்.

அன்புடன்,
அத்தை
பாளையங்கோட்டை