செயலாளரின் ஆண்டறிக்கை – 2025: வழக்கில் உள்ளவர்களின் வாக்குரிமைப் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிக்க இருப்பதாலும், சந்தா, உறுப்பினர் சேர்க்கை ஆகியவற்றில் சொல்லும்படியான மாற்றம் இல்லாததாலும், இந்த ஆண்டு நமது உழைப்பின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட பணியைப் பற்றி மட்டும் விரிவாகக் கூற விரும்புகிறேன்.

சென்ற பொதுக்குழு முடிவின்படி, தருமபுரி நீதிமன்றத்துக்கு வாய்தாவுக்கு வருவோரிடமும், சிறையில் இருப்போரின் குடும்பத்தாரிடமும் வாக்குரிமை பற்றிய துண்டறிக்கைகளை வழங்கிவந்தோம். வாங்கிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சொன்னது, "என் மேலதான் கேஸ் இருக்குதே, எனக்கு ஏதுங்க ஓட்டு?" என்பதுதான். ஜாமீனில் இருப்பவர், முன்ஜாமீன் பெற்றவர், நாள்தோறும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடுபவர், ரவுடிப் பட்டியலில் பெயர் உள்ளவர், தண்டனைக் காலம் முடிந்து வந்தவர், மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு வெளியே இருப்பவர் ஆகிய அனைவரும் வாக்களிக்கலாம். லஞ்சம் கொடுத்து வாக்கு வாங்குவது போன்ற சில தேர்தல் குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே, வெளியே வந்த பிறகும் தொடரும் ஆறாண்டுத் தடை உண்டு. திருட்டு வழக்குக்கும் அடிதடி வழக்குக்கும் இல்லாத அந்தத் தடை, ஓட்டுக்குப் பணம் கொடுத்தவருக்கு இருக்கிறது என்பதைக் கேட்டு நீதிமன்ற வாசலில் சிலர் சிரித்ததையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சிறைக்குள் இருப்பவர்களின் நிலை வேறு. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5)ஆம் பிரிவு, சிறையிலோ காவல்துறையின் காவலிலோ இருப்பவர் வாக்களிக்க முடியாது என்கிறது. தண்டனைக் கைதியா, விசாரணைக் கைதியா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. 1997இல் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டின் சிறைகளில் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். 1992இல் சந்தன மரக் கடத்தல் புகாரில் வாச்சாத்தி மலைக்கிராம மக்கள் சேலம் சிறையில் அடைக்கப்பட்டதையும், 2011இல் நமது மாவட்ட நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்கள் அந்த மக்கள் அல்லர், அவர்கள் மீது வன்கொடுமை புரிந்த அரசு ஊழியர்களே என்பதையும் அறிந்த மாவட்டம் இது. ஆகவே இப்பிரிவு திருத்தப்பட வேண்டும் என்ற நமது சங்கத்தின் கருத்தில் மாற்றமில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் காஷ்மீரின் பாராமுல்லா தொகுதியில் வென்றவர் அப்போது திகார் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தார். சிறையிலிருந்து போட்டியிட அனுமதிக்கும் சட்டம், அங்கிருந்து வாக்களிக்க அனுமதிப்பதில்லை.

ஆனால் நமது மக்கள் கட்டாயம் அறிய வேண்டியது இதற்கு அடுத்த செய்தி. சிறையில் இருப்பதால் ஒருவரது பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து போய்விடாது. 62(5)ஆம் பிரிவில் 2013இல் செய்யப்பட்ட திருத்தம் இதைத் தெளிவாகவே கூறுகிறது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, அடைபட்டிருக்கும் காரணத்தாலேயே சிறை ஒருவரது வசிப்பிடம் ஆகிவிடாது. செம்மர வழக்கில் ஆந்திரச் சிறையில் இருக்கும் சித்தேரி மலைக்காரருக்கும் ஊர் சித்தேரிதான்.

நவம்பர் 4ஆம் தேதி தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது இந்தச் செய்தி மிகவும் பயன்பட்டது. பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மா, வீட்டில் கொடுத்த படிவங்களில் சேலம் மத்தியச் சிறையில் இருக்கும் மகனுடையதை மட்டும் எழுதாமல், நான்காக மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தார். "ஊர்ல இல்லாதவன் பேர எழுதிக் குடுத்தா அதுக்கும் ஒரு கேஸ் போட்ருவாங்களோன்னு பயந்துட்டேன் சாமி" என்றார். குடும்பத்தில் வயதுவந்த ஒருவரே கையெழுத்திடலாம் என்பதை எடுத்துச் சொல்லி நிரப்பிக் கொடுத்தபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலர் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டார். டிசம்பர் 19ஆம் தேதி வெளியான வரைவுப் பட்டியலில் அந்த மகனின் பெயர் இருக்கிறது. மாநிலம் முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் விடுபட்டன. சிறையில் இருந்த எத்தனை பேர் 'இடம்பெயர்ந்தவர்' என்று நீக்கப்பட்டார்கள் என்பதை யாரும் தனியே எண்ணியதாகத் தெரியவில்லை.

குண்டர் தடுப்புச் சட்டத்தில் தடுப்புக் காவலாக அடைக்கப்பட்டவர்களுக்கு, சிறையில் இருப்போர் வாக்களிக்கக் கூடாது என்ற 62(5)ஆம் பிரிவின் தடை பொருந்தாது. அவர்கள் தபால் வாக்கு அளிக்கலாம். தேர்தல் அறிவிக்கப்பட்ட 15 நாட்களுக்குள் அவர்களது பெயர்களைத் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு அரசு தெரிவிக்க வேண்டும் என்று விதி இருந்தும், நாம் பேசிய குடும்பங்களில் ஒன்றுகூட இதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. அதே நபர் மூல வழக்கில் (அவர் மீதுள்ள குற்ற வழக்கில்) ரிமாண்டிலும் இருந்தால் அந்தத் தடை குறுக்கிட்டுச் சிக்கல் எழும் என்பதால், அவ்வழக்கில் ஜாமீன் நிலவரத்தை வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லிவருகிறோம்.

இன்னும் தீராதது கண்டிஷன் பெயில் பிரச்சினை. வெளியூரில் தங்கிக் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை உள்ளவருக்கு வாக்கு இருந்தும், வாக்குப்பதிவு நாளில் சொந்த ஊர்ச் சாவடிக்கு வர வழியில்லை. நிபந்தனையை ஒருநாள் தளர்த்தக் கோரி நீதிமன்றத்தில் மனு செய்யலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உதவும்.

2026 சட்டமன்றத் தேர்தல் நெருங்குவதால் மூன்று வேலைகளைச் செயற்குழு முன்மொழிகிறது. விடுபட்ட பெயர்களைச் சேர்க்கப் படிவம் 6 தர வேண்டும். அதில் சிறையில் உள்ளவரின் கையெழுத்தைப் பெற அனுமதி கேட்டுச் சிறை நிர்வாகத்துக்கு எழுத வேண்டும். நிபந்தனைத் தளர்வு மனுவின் மாதிரி ஒன்றை அச்சிட்டு நீதிமன்ற வாசலில் தர வேண்டும். அச்சுச் செலவுக்கான ஒப்புதலைப் பொதுக்குழு இன்றே வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
தருமபுரி