பாட் சம்மிட்: வெற்றிக் கணக்கில் வராத ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களை அவர்கள் பெற்ற வெற்றிகளின் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தித் தங்கள் இதழ் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். டென்னசி பல்கலைக்கழக மகளிர் அணியின் பயிற்சியாளராக இருந்த பாட் சம்மிட், '1,098 வெற்றிகள், 8 தேசியப் பட்டங்கள்' என்ற ஒரே வரியோடு அதில் முடிந்துபோகிறார். எண்கள் இரண்டும் சரியானவையே. மைக் ஷஷெஃப்ஸ்கி, டாரா வான்டர்வீர், ஜீனோ ஆரியெம்மா ஆகிய மூவரும் பின்னாளில் அவரைக் கடந்து சென்றார்கள் என்பதும் உண்மையே. ஆனால், அவர் பணியாற்றிய 38 பருவங்களையும் ஒரே நிறையுடையவைபோல் ஓர் அட்டவணைக்குள் அடைத்ததில் முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது என்று எண்ணுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1974-இல் அவர் டென்னசிக்கு வந்தது முதுநிலைப் பட்டம் படிக்கவும், அணிக்கு உதவியாளராக இருக்கவும்தான். இருந்த பயிற்சியாளர் எதிர்பாராத விதமாக விடுப்பில் சென்றதால், 22 வயதில் தலைமைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. மாதச் சம்பளம் 250 டாலர். அந்த ஒரே ஆண்டில் அவர் தம் படிப்பைத் தொடர்ந்தார், உடற்கல்வி வகுப்புகள் எடுத்தார், அணியை நடத்தினார், அத்துடன் கல்லூரியின் இறுதியாண்டில் கடுமையாகக் காயம்பட்ட தம் முழங்காலை ஒலிம்பிக்கில் ஆடும் அளவுக்குத் தேற்றிக்கொள்ளவும் உழைத்தார். அணியின் வேனை ஓட்டியவரும், ஆட்டம் முடிந்தபின் சீருடைகளைத் துவைத்தவரும் அவரே. வெளியூர் ஆட்டத்திற்கு முந்தைய இரவில், எதிரணியின் உடற்பயிற்சிக் கூடத்துத் தரையிலேயே படுத்துறங்கிய நாளும் உண்டு. அவருடைய வீராங்கனைகளில் சிலர் அவரைவிட ஓரிரு வயதே இளையவர்கள். முதல் ஆட்டத்தில் ஒரே புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அந்த அணி, பருவத்தை 16 வெற்றி, 8 தோல்வியுடன் முடித்தது.

கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 'டைட்டில் நைன்' சட்டப்பிரிவு 1972-இல் நிறைவேறியிருந்தாலும், பல்கலைக்கழகங்களின் நிதி ஒதுக்கீட்டில் அது முழுமையாக எதிரொலிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் மகளிருக்கான கூடைப்பந்துச் சாம்பியன் போட்டியை 1982-இல்தான் முதன்முதலாக நடத்தியது. அதாவது, சம்மிட்டின் முதல் ஏழு பருவங்களில் வெல்வதற்கு அப்படி ஒரு பட்டமே இருக்கவில்லை. மகளிர் விளையாட்டை அதுவரை நிர்வகித்துவந்த தனி அமைப்பின் போட்டியில் அவருடைய அணி 1980-இலும் 1981-இலும் இறுதி ஆட்டம் வரை சென்று தோற்றது. அவருக்கு முதல் தேசியப் பட்டம் 1987-இல், பதின்மூன்றாவது பருவத்தில்தான் கிடைத்தது. தோல்வி கண்டவுடன் பயிற்சியாளரை மாற்றிவிடும் இக்காலத்தில் அவ்வளவு அவகாசம் யாருக்குக் கிடைக்கும் என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன்.

அட்டவணையில் இடம்பெறவே முடியாத இன்னொன்றும் உண்டு. டென்னசி மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் அப்போது மாணவியர் கூடைப்பந்தை அணிக்கு ஆறு பேராக ஆடினார்கள். மூவர் தடுப்பதற்கு, மூவர் பந்தெறிவதற்கு; நடுக்கோட்டைத் தாண்ட எவருக்கும் அனுமதி இல்லை. தடுப்பாட்டப் பாதியில் நின்ற மாணவி, பள்ளிக்காலம் முழுவதும் ஓர் ஆட்டத்தில்கூடக் கூடையை நோக்கிப் பந்தை எறியாமலேயே படிப்பை முடித்துவிடலாம். ஐவர் ஆட்டம் ஆடும் கல்லூரிகள் அவளுக்கு எப்படி உதவித்தொகை தரும்? இந்த முறையை வெளிப்படையாக எதிர்த்தவர்களில் சம்மிட் முக்கியமானவர். 1979-இல் அது கைவிடப்பட்டது. தம் அணிக்கு ஒருபோதும் ஆடாத ஆயிரக்கணக்கான மாணவியருக்கு அதனால் வழி பிறந்தது.

1987-க்குப் பிந்தைய வெற்றிகளைத் தங்கள் கட்டுரை நன்றாகவே விவரித்துள்ளது. 1996 முதல் 1998 வரை தொடர்ந்து மூன்று பட்டங்கள் வென்றதையும், 1997-98 பருவத்தில் 39 ஆட்டங்களையும் தோல்வியின்றி முடித்ததையும், 2005-இல், வட கரோலினா பல்கலைக்கழக ஆடவர் அணியின் பயிற்சியாளராக இருந்த டீன் ஸ்மித்தின் 879 வெற்றிகள் என்ற சாதனையைக் கடந்ததையும் நான் மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. ஆடவர் அணியின் பொறுப்பை ஏற்குமாறு பல்கலைக்கழகம் அவரை அணுகியபோது, அதைப் பதவி உயர்வாகக் கருத மறுத்து மகளிர் அணியிலேயே நீடித்தார் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

அவர் மென்மையான ஆசிரியர் அல்லர். அவருடைய பார்வையையே வீராங்கனைகள் அஞ்சினார்கள். அந்தக் கண்டிப்பு சில வேளைகளில் எல்லை மீறியதாக நினைப்பவர்களின் கருத்தையும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால், அதே கண்டிப்பு வகுப்பறைக்குள்ளும் தொடர்ந்தது. காரணமின்றி வகுப்புக்கு மட்டம் போடக் கூடாது, முதல் மூன்று வரிசைகளுக்குள்தான் அமர வேண்டும் என்பவை அணியின் விதிகள். டென்னசியில் தமக்குரிய ஆடும் காலத்தை நிறைவுசெய்த வீராங்கனைகள் ஒருவர் விடாமல் பட்டம் பெற்றனர். நான்கு பத்தாண்டுகளுக்குச் சற்றே குறைந்த காலம் ஒருமுறைகூடத் தவறாத இந்தக் கணக்கை, 1,098 என்ற எண்ணைவிடப் பெரிதாக நான் மதிக்கிறேன். ஏனெனில், கல்லூரியில் ஆடிய பெண்களில் மிகச் சிலருக்கே அந்த விளையாட்டு பின்னர் சோறு போட்டது. மற்றவர்களுக்குக் கையில் இருந்தது பட்டம் மட்டுமே.

2011 ஆகஸ்டில், 59 வயதில், தமக்கு அல்சைமர் நோய் தொடங்கியிருப்பதை அவரே உலகுக்கு அறிவித்தார். அறிவித்த பின்னும் ஒரு பருவம் முழுவதும் அணியுடன் அமர்ந்தார். அவரிடம் ஆடி, பிறகு நெடுங்காலம் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஹாலி வார்லிக் பெரும்பங்குப் பொறுப்பைச் சுமந்தார். 2012 ஏப்ரலில் அவரிடமே அணியை ஒப்படைத்துவிட்டு விலகிய சம்மிட், 2016 ஜூன் 28 அன்று 64 வயதில் காலமானார்.

தங்கள் இதழ் இத்தகைய பட்டியலை மீண்டும் வெளியிடுமாயின், பொறுப்பேற்ற ஆண்டு, அவ்வாண்டில் இருந்த போட்டிகள், பட்டம் பெற்று வெளியேறிய வீரர்களின் விகிதம் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 1974 முதல் 1987 வரையிலான அந்தப் பதின்மூன்று பருவங்களைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை வந்தால், மிகுந்த ஆவலுடன் படிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி