என் மகளுக்குப் பட்டப்பெயர் வைக்காதவர்களுக்கு நன்றி

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள டீச்சருக்கும், பட்டறை அண்ணன்மாருக்கும், ஏற்காட்டுப் பெரியம்மாவுக்கும் வணக்கம்.

‘என்னைப் பற்றி’ என்று பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்னதற்கு என் மகள் எழுதிய முதல் வரி இது: “எனக்குப் பழக நேரம் ஆகும். பழகினால் விடமாட்டேன்.” அதைப் படித்த பிறகு உங்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கல்யாண வீட்டில் மேளச் சத்தம் கேட்டாலே என் முந்தானைக்குள் ஒளிந்து அழுகிற பிள்ளை அவள். ‘அழுமூஞ்சி’ என்றார்கள் உறவுக்காரர்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்றும் சொன்னார்கள். நாளாக ஆக, “நான் அழுமூஞ்சிதானேம்மா?” என்று அவளே கேட்கத் தொடங்கினாள். அழுகையைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அந்தக் கேள்விதான் வயிற்றைக் கலக்கியது.

டீச்சர், அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆய்வைப் பற்றி நீங்கள்தான் சொன்னீர்கள். 133 பிள்ளைகளைக் கைக்குழந்தையிலிருந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் சுமார் 15 விழுக்காட்டினர் புதிதாக எதைக் கண்டாலும் முதலில் பின்வாங்கி, மெல்லத்தான் ஒட்டினார்கள். பிள்ளையின் சுபாவமும் பெரியவர்களின் எதிர்பார்ப்பும் பொருந்தினால் போதும், அது நன்றாக வளரும் என்பது அவர்கள் கண்டது. நீங்கள் அதைச் செய்தே காட்டினீர்கள். பாட்டுப் போட்டிக்கு முந்தின நாளே ஆளில்லாத மேடையில் அவளை ஏறி நிற்க வைத்தீர்களே, எத்தனை பேருக்கு அது தோன்றும்!

பட்டறை அண்ணன்மாரே, கொலுசுக்குச் சலங்கை பற்ற வைப்பதை அவள் வாசலிலேயே நின்று பார்ப்பாள். உங்களில் ஒருவரும் கையைப் பிடித்து உள்ளே இழுக்கவில்லை. ஒருநாள் தானாக வந்து உட்கார்ந்தாள். இப்போது எந்தக் கொலுசில் சலங்கை குறைகிறது என்பது பாப்பா கண்ணுக்குத்தான் முதலில் படுகிறது என்கிறீர்கள். கூச்சம் என்று மட்டும் நான் நினைத்திருந்ததில் இவ்வளவு கவனம் இருப்பதை உங்கள் பட்டறையில்தான் பார்த்தேன்.

பெரியம்மா, காப்பித் தோட்டத்து வீட்டில் அவள் சாப்பிடாமல் முறைத்துக்கொண்டிருந்தபோது, “கோவக்காரி” என்று நீங்கள் சொல்லவில்லை. “இப்ப கோவமா இருக்கா, ஆறட்டும்” என்றீர்கள். அன்றிலிருந்து அவளும் “எனக்கு இப்ப கோவம்மா” என்றுதான் சொல்கிறாள். வந்து போகிற கோபம் வேறு, தான் வேறு என்று அந்த வயதிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. எனக்கு அது பிடிபட முப்பது வயது தாண்டியது.

கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்குக் கூட்டத்தில் வரமாட்டேன், வீட்டிலேயே இருக்கிறேன் என்கிறாள். இருக்கட்டும். அன்று மதியம் எல்லாரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுங்கள். உங்களுக்கு இலை போடுவது அவள்தானாம், இப்போதே சொல்லிவிட்டாள்.

நன்றியுடன்,
பாப்பாவின் அம்மா