ஸ்படிகமா, கண்ணாடியா? வீட்டிலேயே பார்க்கும் முறை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வாங்கிய கல் அசல் ஸ்படிகம்தானா என்று பலரும் கேட்கிறீர்கள். ஸ்படிகம் என்பது குவார்ட்ஸ் என்னும் கனிமம். இருட்டில் இரண்டு மணிகளை உரசினால் மினுக்கும் என்பது உண்மைதான். ஆனால் உரசிய இடத்தில் பாலிஷ் போய்விடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கத்தியால் கீறிப் பார்ப்பதும் குழப்பும். 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடின அளவில் குவார்ட்ஸ் 7. கத்தி அதைவிட மென்மையானது. கீறியதும் கல்லில் சாம்பல் நிறக் கோடு விழும். அது கீறல் இல்லை, கத்தியிலிருந்து ஒட்டிய இரும்பு. ஈர விரலால் அழுத்தித் தேய்த்தால் போய்விடும். இதைப் பார்த்தே நல்ல கல்லைப் போலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

நாங்கள் நம்புவது தண்ணீர் எடையைத்தான். 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். உலோகப் பூண் இல்லாத, 10 கிராமுக்குக் குறையாத கல்லாக இருக்கட்டும். முதலில் உலர்ந்த கல்லை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிட்டுப் பிடியுங்கள். உலர் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 53 கிராம் லிங்கம் 20.00 காட்டினால் 2.65, அது குவார்ட்ஸ். சாதாரணக் கண்ணாடி 2.5 அளவில் நிற்கும், ஈயக் கண்ணாடி 3-ஐ ஒட்டியோ அதற்கு மேலேயோ போகும்.

கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடி, அசலும் கண்ணாடி போலத் தெரியும். சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவிவிட்டு நிறுங்கள். 2 கிராம் மணிக்கு இந்த முறை ஒத்துவராது. தராசு காட்டும் எண்ணில் குவார்ட்ஸுக்கும் கண்ணாடிக்கும் வித்தியாசம் 0.05 கிராம்தான். அதற்குப் பத்து மடங்கு லென்ஸ் எடுங்கள். உள்ளே உருண்டையான குமிழிகள் சிதறிக் கிடந்தால் கண்ணாடி. மெல்லிய திரை போன்ற வெண்மை குவார்ட்ஸில் சாதாரணம்.

கால்சைட் என்ற இன்னொரு கனிமத்தின் அடர்த்தி 2.71, குவார்ட்ஸுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஏமாற்றும். தெளிந்த துண்டைச் செய்தித்தாள்மேல் வையுங்கள், எழுத்து இரண்டாகத் தெரியும். கத்தியும் எளிதாகக் கீறும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. தொழிற்சாலையில் வளர்த்த குவார்ட்ஸும் இதே 2.65தான், இதே கடினம்தான். இயற்கைக் கல்லா என்பதை இந்தச் சோதனைகள் சொல்லாது; அதற்கு ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

எங்கே வாங்கிய கல்லானாலும் கொண்டு வாருங்கள், எங்கள் தராசில் உங்கள் கண்முன்னே நிறுத்துக் காட்டுகிறோம். கட்டணம் இல்லை.

அன்புடன்,
கடையினர்