எங்கள் பந்தலைக் காத்துக் கொடுத்தவர்களுக்கு

சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் திராட்சைத் தோட்டத்தில் நேற்றோடு அறுவடை முடிந்தது. மூன்று டன்னுக்குச் சற்று மேல். இந்த ஒரு ஏக்கரில் அப்பா இதைவிட அதிகம் எடுத்த வருடங்கள் உண்டு. ஆனாலும் முதல் கூடை தராசில் ஏறியபோது அம்மா அழுதுவிட்டார். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் கடைசியில், கொடிகளின் குச்சிகளை வெட்டிவிடும் கவாத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அப்பா வாய்க்கால் மேட்டில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஓடிவந்த எனக்குப் பந்தலடியில் விளையாடத் தெரியும், பந்தலைப் பார்க்கத் தெரியாது. கவாத்தைத் தள்ளிப்போடவும் வழியில்லை. வெட்டிய நாளிலிருந்து பழம் பறிக்க 110, 120 நாள். பத்து நாள் தள்ளினாலும் பூக்கும் சமயம் ஐப்பசி அடைமழையில் சிக்கிக்கொள்ளும்.

மேலத் தோட்டத்து மாமா, அன்று மாலையே நீங்கள் ஆட்களோடு வந்து நின்றீர்கள். முற்றிய குச்சியில் நான்கு மொட்டு, மெலிந்ததில் ஒன்றோ இரண்டோ என்று ஒவ்வொரு கொடியாகத் தொட்டுக் காட்டினீர்கள். "மொட்டை ஒட்டி வெட்டாதே தாயி, ஒரு விரல் இடம் விடு" என்றீர்கள். உங்கள் தோட்டத்துக் கவாத்து பாதியில் நின்றது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்படியும் மழை விடவில்லை. பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்த வாரத்தில் இலைகளில் எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் புள்ளிகள்; திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூஞ்சை. கடையொன்றில் கொடுத்த விலை உயர்ந்த மருந்தை அடித்தும் கேட்கவில்லை. நான் பையில் போட்டு எடுத்துப்போன இலைகளை ஆனைமலையன்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, அடிச்சாம்பல் நோய்தான் என்று சொல்லி, எந்த இடைவெளியில் எதை அடிக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தவருக்கு என் வணக்கம்.

சித்தப்பா, விடியற்காலை நான்கு மணிக்குப் பம்புசெட் வாசலில் நீங்கள் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ கலவை தயாரித்ததை மறக்க மாட்டேன். ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் செம்பு கலந்த நீல உப்பான மயில்துத்தம் ஒரு கிலோ, இன்னொன்றில் ஒரு கிலோ சுண்ணாம்பு, ஐம்பது ஐம்பது லிட்டர் தண்ணீர். துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்பில் மெல்ல ஊற்றச் சொல்லி, நீங்கள் கலக்கிக்கொண்டே இருந்தீர்கள். அப்பாவின் பழைய கத்தியைத் தேய்த்து, கலவையில் முக்கி, டார்ச் வெளிச்சத்தில் பிடித்தீர்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்திருந்தது. "இன்னும் சுண்ணாம்பு வேண்டும், இல்லையென்றால் இலை கருகும்." மூன்றாவது முறை கத்தி வெள்ளையாகவே வந்த பிறகுதான் தெளிப்பானைத் தூக்க விட்டீர்கள். அந்த மாதம் எத்தனை விடியற்காலைகள் இப்படி வந்தீர்கள் என்று நான் எண்ணவில்லை. நீங்களும் எண்ணியிருக்க மாட்டீர்கள்.

நாராயணத்தேவன்பட்டி அக்காமாரே, பெரிய நன்றி உங்களுக்குத்தான். கூலியை அறுவடைக்குப் பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்று நீங்கள் சொல்லாமல் போயிருந்தால் இந்தத் தோட்டத்தைப் பாதியிலேயே விட்டிருப்போம். தலைக்கு மேல் தொங்கும் கொத்துகளை அண்ணாந்து பார்த்தபடி, அழுகிய காயையும் வெடித்த பழத்தையும் மட்டும் சின்னக் கத்தரிக்கோலால் கழித்தீர்கள். பக்கத்துப் பழத்தின் மேல் இயல்பாகப் படிந்திருக்கும் வெண்பொடிகூடக் கலையவில்லை. கழுத்து வலியோடு போய் மறுநாள் ஆறு மணிக்குத் திரும்பவும் வந்தீர்கள்.

பேசிய விலையை மழையைச் சொல்லிக் குறைக்காத வியாபாரி அண்ணனுக்கும், சேற்றில் இறங்கிய வண்டியைத் தள்ளிய தம்பிமாருக்கும் நன்றி.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அந்தச் செய்தியை வெட்டிப் பம்புசெட் சுவரில் ஒட்டியவர் அப்பா. நேற்று அவரை நாற்காலியோடு தூக்கி வந்து பந்தலடியில் உட்கார வைத்தோம். ஒரு பழத்தை வாயில் போட்டார். விதையைத் துப்பிவிட்டு, "மாமா வீட்டுக்குப் பழம் போய்விட்டதா?" என்றுதான் முதலில் கேட்டார்.

எல்லார் வீட்டுக்கும் நாளை காலைக்குள் பழம் வந்துவிடும். பச்சைக் கைப்பிடி போட்ட கத்தரிக்கோல் ஒன்று பந்தலடியில் கிடந்தது. துடைத்து எண்ணெய் போட்டு எங்கள் திண்ணையில் வைத்திருக்கிறேன். யாருடையதோ, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காப்பி குடிக்காமல் போகக் கூடாது.

நன்றியுடன்,
சுருளிப்பட்டித் தோட்டத்து மகள்