எங்கள் பள்ளியின் இரண்டாவது ஆசிரியரைத் திருப்பி அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழு உறுப்பினராக இதை எழுதுகிறேன். காலாண்டு விடுமுறை முடிந்ததும் எங்கள் ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப்பணியில், அதாவது தற்காலிகமாக வேறு இடத்தில் வேலை பார்க்க, அனுப்பிய உத்தரவு உங்கள் அலுவலகத்திலிருந்து வந்ததுதான். அதனால் முன்கதையைச் சொல்லப்போவதில்லை. குழுவில் தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக அனுப்பினோம். பதில் இல்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி எழுத வேண்டியதாகிவிட்டது.

சென்ற குழுக் கூட்டத்தில் மாவட்டத்தின் இலக்குகளை எங்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். எல்லாக் குழந்தைகளும் வயதுக்கேற்றபடி வாசிக்கவும் கணக்குப் போடவும் வேண்டும், ஒருவரும் படிப்பை நிறுத்தக் கூடாது, பெற்றோரும் ஊரும் பள்ளிக்குத் துணை நிற்க வேண்டும். நல்ல இலக்குகள். ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அதை வாசித்த தலைமையாசிரியை, ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் பக்கத்து அறையில் தனியே விட்டுவிட்டு வந்துதான் வாசித்தார்.

அவர் ஒன்றிய அலுவலகத்துக்குக் கூட்டம், பயிற்சி என்று போகிற நாட்களில் பள்ளியில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சத்துணவு சமைக்கும் அக்கா அடுப்பையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறார். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து அ, ஆ எழுதிக் காட்டுகிறாள். யாராவது அழுதால் சமாதானம் செய்கிறாள். சண்டை வந்தால் விலக்கி விடுகிறாள். வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு நான்தான்மா டீச்சர்" என்கிறாள். அவளுக்கு அது பெருமை. எனக்கு வயிறு எரிகிறது. இரண்டு இலக்க எண்ணால் வகுக்கத் தெரியாமல் இரவில் என் பக்கத்தில் உட்கார்ந்து விழிப்பவளும் அவள்தான். வருகிற ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். அவளுக்கு இந்த ஆண்டு திரும்ப வராது, ஐயா.

எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் எழுத்தும் எண்ணும் வந்துவிட வேண்டும், அதுவும் 2025க்குள் என்று 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து, அவரவர் நிலைக்கேற்பச் சொல்லித்தர வேண்டிய முறை அது. முறையில் குறையில்லை, இரண்டு ஆசிரியர் இருந்தபோது எங்கள் பிள்ளைகள் அதில் நன்றாகவே படித்தார்கள். இப்போது ஒரே ஆள் மூன்று நிலைக்கும் ஓடி, நான்கு ஐந்தாம் வகுப்புகளையும் பார்த்து, மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றி, எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளப் பதிவுகளையும் முடிக்க வேண்டும். இதில் சொல்லித்தரும் நேரம் எங்கே இருக்கிறது?

60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அந்த விகிதம் குலையாமலிருக்க, ஒரு பள்ளியில் நியமித்த ஆசிரியரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை செய்ய வைக்கக் கூடாது என்று 25ஆம் பிரிவும் சொல்கிறது. அந்தச் சட்டம் தந்த மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்துதான் கேட்கிறோம்: எங்கள் ஆசிரியரைத் திருப்பி அனுப்புங்கள்.

நிதி இல்லை என்ற பேச்சு எங்கள் காதிலும் விழுகிறது. 2024-25இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கான பணத்தை ஒன்றிய அரசு தராமல் நிறுத்தியது அநியாயம்தான். ஆனால் நாங்கள் புதுப் பணியிடம் கேட்கவில்லையே. பணியிடம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், சம்பளமும் வாங்குகிறார். ஆள்தான் வேறு இடத்தில் இருக்கிறார்.

இதற்கிடையே தனியார் பள்ளி வேன் தினமும் காலையில் எங்கள் தெருவுக்குள் வந்து போகிறது. கூலி வேலைக்குப் போகிறவர்கள்கூட கடன் வாங்கிப் பிள்ளையை ஏற்றி அனுப்ப யோசிக்கிறார்கள். அவர்களை எந்த வாயால் தடுப்பேன்? ஆகஸ்ட் 1 நிலவரப்படி தலைகளை எண்ணி, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், இந்தப் பணியிடம் உபரி என்பீர்கள். அப்புறம் பணி நிரவல் என்று உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவீர்கள். அப்புறம் பூட்டு. ஆசிரியரை எடுத்தது யார் என்று அந்தக் கணக்கில் எங்கும் இருக்காது. ஊர் துணை நிற்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சுற்றுச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததும், பழுதான தண்ணீர் மோட்டாரை மாற்றியதும் ஊர்தான். எங்களால் முடியாதது ஒன்றுதான்: ஆசிரியரை நியமிப்பது. அது உங்கள் கையில் இருக்கிறது.

கோபத்தில் சில சொற்கள் சூடாக வந்திருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். மாற்றுப்பணி உத்தரவை ரத்து செய்து, அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே எங்கள் இரண்டாவது ஆசிரியரைத் திருப்பி அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அவரை அனுப்ப இயலாதென்றால் இன்னொருவரை நிரந்தரமாகப் போடுங்கள். இரண்டுமே முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லாப் பெற்றோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
ஐந்தாம் வகுப்பு மாணவியின் தாய்