மூன்று வரிசைச் சீட்டுகள்

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன், தூக்கம் வரவில்லை. "மனுஷங்க கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு படிக்கத்தான் எனக்கு ஆசை. இந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தை விட்டுடப் போறேன்மா, அதுல மனுஷங்களே இல்ல" என்றாய். எனக்கு அப்போது சரியான பதில் வாயில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எட்டாம் மாடிப் பாட்டியை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ தொடக்கப்பள்ளியில் படித்தபோது தீபாவளிக்குத் தீபாவளி முறுக்கு சுட்டுக் கொடுப்பாரே, அவர்தான். போன வாரம் முட்டி வலி என்றார், ஒரு மருந்தகத்துக்குக் கூட்டிப் போனேன். வாசலிலேயே வரிசை எண் கொடுக்கும் இயந்திரம். திரையில் தமிழும் இருந்ததால் பாட்டி தானே அழுத்துகிறேன் என்றார். நான் ஒதுங்கி நின்றேன்.

அழுத்தினார். பொத்தானின் நிறம் மாறவில்லை, சத்தமும் இல்லை. மறுபடி, கொஞ்சம் பலமாக அழுத்தினார். அப்புறம் இன்னொரு முறை. நாலைந்து நொடி கழித்து மூன்று சீட்டுகள் சரசரவென்று அடுத்தடுத்து வந்து விழுந்தன. பாட்டி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் நின்ற சீன ஆன்ட்டியிடம் "சாரி, சாரி" என்றார். என்னிடம் திரும்பி, "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா, தப்பா அமுக்கிட்டேன்" என்றார். முகம் சுருங்கிப் போய்விட்டது.

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. நடந்தது இதுதான் என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது. பாட்டி முதல் தடவை தொட்டபோதே, இயந்திரத்தின் அடியில் ஓடி எல்லா வேலையையும் பங்கிட்டுக் கொடுக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதைக் கேட்டுவிட்டது. விரல் பட்டதும் திரையிலிருந்து இன்டரப்ட் என்ற ஒரு அவசரக் குறிப்பு போகும், பிராசஸர் செய்துகொண்டிருக்கும் வேலையை ஒரு கணம் நிறுத்தி அதை வாங்கி வரிசையில் போடும். இரண்டாவது தொடுதலும் மூன்றாவதும் அப்படியே வரிசையில் சேர்ந்தன. ஒன்றையும் அது தொலைக்கவில்லை. ஆனால் மேலே ஓடிய புரோகிராம், திரையை வரையும் அதே திரெட்டில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகவே வேலை செய்யும் ஒரே ஓட்டத்தில், பிரின்டருக்கோ நெட்வொர்க்குக்கோ காத்துக்கொண்டிருந்தது. காத்திருக்கும் திரெட் பொத்தானின் நிறத்தை மாற்றாது, வரிசையில் இருப்பதையும் எடுத்துப் பார்க்காது. வேலை முடிந்த பிறகு பார்த்தால் இன்னும் இரண்டு நிற்கிறது, அதையும் செய்துவிட்டது.

எழுதியவர் அந்தக் காத்திருப்பை வேறு திரெட்டிடம் கொடுத்துவிட்டு, பொத்தானை உடனே மங்கலாக்கியிருந்தால் பாட்டிக்கு ஒரே சீட்டு வந்திருக்கும். மனுஷங்க கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவதை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன், பதில் வர ஆகும் நேரத்துக்குச் சொன்ன மூன்று அளவு உன் பாடப்புத்தகத்தில் இருக்கும். 0.1 நொடிக்குள் பதில் வந்தால் நாம் தொட்டதால்தான் அது நடந்தது என்று மனசு எடுத்துக்கொள்ளும். 1 நொடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். அந்த 0.1 நொடியைக் காப்பாற்றுவது யார்? அழகான பொத்தான் வரைபவர் மட்டும் காப்பாற்ற முடியாது. திரெட் என்றால் என்ன, ஷெட்யூலர் எப்போது யாருக்கு முறை கொடுக்கும் என்று தெரிந்தவர்தான் காப்பாற்ற முடியும்.

1986ல் இங்கே சிங்கப்பூர் சிசில் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. எங்கள் எல்லாருக்கும் சேர்த்து உள்ளறையில் ஒரே ஒரு வேக்ஸ் மினிகம்ப்யூட்டர். மாதக் கடைசியில் எல்லாரும் ஒரே நேரத்தில் அடிக்கும்போது எழுத்து திரைக்கு வராது. நான் நிறுத்த மாட்டேன். அடித்தது எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் ஒரு வரி முழுதும் கொட்டும். முன்கூட்டி அடிப்பதைச் சேர்த்துவைக்கும் இடம் நிறைந்துவிட்டால் டெர்மினல் பீப் என்று கத்தும், அப்போது கையை எடுப்பேன். அந்தச் சின்ன பீப்தான் அது என்னிடம் பேசிய பேச்சு. மாலை வகுப்பில் படித்து புரோகிராமரான பிறகுதான் அதற்குப் பெயர் பஃபர் என்று தெரிந்தது.

ஒரே மெஷினை இத்தனை பேர் பங்கு போட்டுக்கொண்டது எப்படி வந்தது தெரியுமா? அதற்கு முன்பு துளை போட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, பல மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் விடையை வாங்க வேண்டும். ஒரு கமா விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து. 1961ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவும் அவர் குழுவும் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை இயக்கிக் காட்டினார்கள். மெஷினின் நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தது அது. முறை மாறி மாறி வேகமாக வருவதால் ஒவ்வொருவரும் மெஷின் தன்னிடம் மட்டும் பேசுவதாக உணர்ந்தார்கள். ஷெட்யூலிங் என்று நீ படிக்கும் பாடத்தில் பெரும்பகுதி, மனிதர் காத்திருந்த கஷ்டத்திலிருந்து வளர்ந்ததுதான், கண்ணு. 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் மௌஸை உலகத்துக்குக் காட்டினாரே, அவர் பின்னால் ஓடியதும் அப்படி நேரத்தைப் பங்கிடும் கம்ப்யூட்டர்தான். அதில் மனுஷங்களே இல்லை என்று நீ சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

சனிக்கிழமைகளில் சமூக மன்றத்தில் பெரியவர்களுக்குப் போன் சொல்லிக்கொடுக்கிறேன் அல்லவா, அங்கேயும் இதைத்தான் பார்க்கிறேன். வயதானவர்கள் லிஃப்ட் பொத்தான் மாதிரி அழுத்திப் பிடிப்பார்கள். அரை நொடி தாண்டினால் போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொண்டு சம்பந்தமில்லாத மெனுவைத் திறக்கும். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் அந்த நேரத்தை நீட்டி வைக்கலாம். ஐஃபோனில், நடுங்கும் விரல் அடுத்தடுத்துப் பட்டாலும் ஒரே தொடுதலாக எண்ணச் சொல்லலாம். ஒரு தாத்தாவுக்கு அதை மாற்றிக் கொடுத்தேன். பேத்தியின் படத்தைத் தானே திறந்து எனக்குக் காட்டினார்.

தமிழில் அடிக்கும்போதும் பார். 'கொ' என்று எழுதிவிட்டு அழித்தால் 'க' மட்டும் மிஞ்சும். நமக்கு அது ஒரே எழுத்து, மெஷினுக்கு இரண்டு குறியீடு. அடித்தது பின்னால் இருந்தாலும் கொம்பை முன்னால் கொண்டுபோய் வரைவது, கர்சரை எழுத்தின் நடுவில் நிற்க விடாமல் தள்ளுவது எல்லாம் அடியில் நடக்கும் வேலை. அதை எழுத நம் எழுத்து தெரிந்த ஆளும் வேண்டும், அடித்தளம் தெரிந்த ஆளும் வேண்டும். இரண்டும் ஒருத்தியாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பாடத்தை விட வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்றாய். அதற்குள் ஒருமுறை கூப்பிடு. மெல்பர்னில் நேரமாகிவிட்டதே என்று பார்க்காதே, நான் விழித்துத்தான் இருப்பேன். பாட்டி மிச்சமான இரண்டு சீட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டார், கைப்பையில் வைத்திருக்கிறேன். லீவுக்கு வரும்போது அவரைப் போய்ப் பார். "தப்பு உங்க மேல இல்ல பாட்டி" என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நீ சொன்னால் நம்புவார்.

அன்புடன்,
அம்மா